வந்திருந்து பயந்து சிறப்பிக்கவும்

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று மட்டும் சொல்லி நழுவிவிடுவேன். என் பதவிப் பெயர் பயப் பங்கீட்டு அலுவலர். அதை வாய்விட்டுச் சொன்னால் அரை மணி நேரம் போய்விடும். விளக்கமெல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "அப்ப எங்க மேனேஜருக்குக் கொஞ்சம் பயத்தை ஏத்திவிட முடியுமா சார்?" என்பார்கள். முடியாது. வாங்கிக்கொள்கிற ஆள் மனசார சம்மதிக்க வேண்டும். அந்தச் சம்மதம் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2055, ஆவணி மாதம். திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனையில் கோவில்பட்டியிலிருந்து வந்த தாமிரபரணி என்ற சிறுமி அறுவைச் சிகிச்சைக்காகச் சேர்ந்தாள். வீட்டில் கூப்பிடுவது தாமிரா. ஒன்பது வயது. வலது முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே தொடை எலும்பில் கட்டி. மூன்று மாதம் மருந்து ஏற்றியதில் கட்டி சுருங்கியது, தலைமுடி போனது, வாய் மட்டும் குறையவில்லை. இனி அந்த எலும்புத் துண்டை வெட்டியெடுத்துவிட்டு, அவளோடு கூடவே நீளும் உலோக எலும்பு ஒன்றைப் பொருத்த வேண்டும். ஏழு மணி நேர வேலை. டாக்டர் மீரான் வியாழக்கிழமை என்று தேதி குறித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை அவள் மணிக்கட்டில் பட்டையைக் கட்டினேன். பயத்தின் எண் நூற்றுக்கு எண்பத்தெட்டு என்று காட்டியது.

"இது எதுக்கு மாமா?" என்றாள். எனக்கு வயது நாற்பத்தொன்று, மாமாதான்.

"பயம் வந்தா உன் உடம்பு என்ன செய்யும்?"

"கை வேர்க்கும். வயித்தப் பெசையும். நெஞ்சு டம்மு டம்முன்னு அடிக்கும்."

"அதை இந்தப் பட்டை படிச்சு, இன்னொருத்தர் கையில கெடக்குற பட்டைக்கு அனுப்பிரும். அவங்க நெஞ்சு அடிக்கும், உன் நெஞ்சு அடங்கும். நீ என்ன நினைக்கன்னு அவங்களுக்குத் தெரியாது. உடம்பு படுற பாடு மட்டும்தான் போகும்."

"அவங்க பாவம்லா?"

"நெறையப் பேருக்குப் பிரிச்சிட்டா ஆளுக்கு ஒரு துண்டு மாங்காய் அளவுதான் வரும். கொஞ்சம் புளிக்கும். அவ்வளவுதான்."

அவளுடைய அம்மா கோமதி கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்தாள். கணவன் பரமசிவனும் அவளும் கோவில்பட்டியில் கடலைமிட்டாய் போடுகிறார்கள். நாலு பேர் தூக்கும் பாகுச் சட்டியை இரண்டு பேர் தூக்குவோம் என்று நிற்கிற ரகம்.

"மயக்க ஊசி போட்டா பயமே தெரியாதுல்லா சார். பெறவு எதுக்கு இதெல்லாம்?" என்றாள்.

"உடம்பு தூங்கிரும்மா. பயம் தூங்காது. பிள்ளை முழிக்கும்போது அதுவும் கூடவே முழிச்சிக்கும். அப்புறம் காலைக் கீழ ஊனவே மாட்டா. புதுக் காலு வச்சும் நடக்காத பிள்ளைங்க இருக்காங்க. அதனாலதான் முப்பதுக்கு மேல இருந்தா உள்ள எடுக்கக் கூடாதுன்னு விதி வச்சிருக்கோம்."

"முப்பதுக்கு வரலேன்னா?"

"அடுத்த தேதி ஆறு வாரம் கழிச்சு."

கட்டி ஆறு வாரம் காத்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும். கையை நீட்டினாள். "எனக்கு மாத்துங்க. முழுசா மாத்துங்க."

கட்டிப் பார்த்தேன். தொண்ணூற்றாறு. பரமசிவனுக்குத் தொண்ணூற்றொன்று. இந்த வேலையில் எனக்குப் பிடிக்காத இடம் இதுதான். எந்தத் தாயும் தகப்பனும் இந்தச் சோதனையில் தேறியதில்லை. நிரம்பிக் கிடக்கிற குடத்தில் மேற்கொண்டு ஊற்ற முடியாது.

"சொந்தக்காரங்க யாராவது வருவாங்களா?"

கோமதி ஜன்னலைப் பார்த்தாள். "யாருக்கும் சொல்லல சார். வந்து 'ஐயோ பாவம்'னு நிப்பாவ. அந்த முகத்தையெல்லாம் பாத்துக்கிட்டு என்னால நிக்க முடியாது."

பரமசிவன் என்னை வெளியே அழைத்துப் போய் மீதியைச் சொன்னார். அவருடைய அக்கா வள்ளிநாயகி சங்கரன்கோவிலில் இருக்கிறார். போன வருடம் வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது, அவருக்கு நேரில் போய் அழைப்பு வைக்க முடியாமல் போனில் சொல்லிவிட்டாள் கோமதி. அன்றிலிருந்து பேச்சுவார்த்தை கிடையாது. அக்கா வரவில்லை என்றால் அக்காவின் பேச்சைக் கேட்கிற பாதிக் குடும்பம் வராது.

நான் பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்தவன். என் கல்யாணத்திலேயே அழைத்த முறை சரியில்லை என்று ஒரு பெரியப்பா சாப்பிடாமல் எழுந்து போயிருக்கிறார். அப்படிப்பட்ட நானே இந்தத் தப்பைச் செய்யலாமா? செய்தேன். பரமசிவனின் போனிலிருந்து இருபத்தாறு பேர் நம்பரை எடுத்து, எங்கள் மருத்துவமனையின் வழக்கமான செய்தியை அனுப்பினேன்.

'உங்கள் உறவினர் குழந்தை தாமிரபரணியின் பயத்தில் ஒரு பங்கு ஏற்க உங்களுக்குச் சம்மதமா? ஆம் எனில் 1ஐ அழுத்தவும்.'

அரை மணி நேரத்தில் இருபத்தாறு பேரும் ஒன்றை அழுத்தினார்கள். அக்கா உட்பட. நான் வாயெல்லாம் பல்லாக டாக்டர் மீரானிடம் போய்ச் சொன்னேன்.

புதன்கிழமை காலை ஒரு வேன் நிறைய வந்து இறங்கினார்கள். குழந்தையைப் பார்த்து அழுதார்கள், முத்தம் கொடுத்தார்கள், வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் ஒவ்வொருவருக்காகப் பட்டையைக் கட்டிக்கொண்டே போனேன். ஒன்றிலும் பச்சை விளக்கு எரியவில்லை. இருபத்தாறு மணிக்கட்டிலும் மஞ்சள் மினுக்கிக்கொண்டிருந்தது. வாய் சம்மதித்தாலும் உடம்பு மறுக்கிறது என்று அதற்கு அர்த்தம். மனத்தாங்கலை ஒளித்து வைத்தால் மனிதர்கள் ஏமாறுவார்கள், பட்டை ஏமாறாது.

"என்னம்மா விஷயம்?" என்று வள்ளிநாயகியிடம் கேட்டேன். ஐம்பது வயது இருக்கும். சுங்கடிச் சேலை, கையில் அகலமான பை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயமும் இல்ல தம்பி. பிள்ளைக்குன்னா உயிரக் குடுப்பேன். ஆனா மூணு மாசமா பிள்ளைக்கு ஊசி ஏறிக்கிட்டிருக்கு, அத்தைக்காரிக்கு ஒரு வார்த்த கெடையாது. கடைசியில ஒண்ண அழுத்துன்னு மெசேஜு. நான் என்ன கேஸ் சிலிண்டரா புக் பண்ணுதேன்?"

தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த தாய்மாமன் சங்கரபாண்டிக்கு வேறு வருத்தம். கோமதியின் உடன்பிறந்தவர்.

"பிள்ளைக்குக் காது குத்துனது இந்த மடியில வச்சு. இன்னைக்கு எனக்கு என்ன வந்திருக்குன்னு பாருங்க சார்." போனை நீட்டினார். 'நன்றி. நீங்கள் பங்கேற்பாளர் எண் 17.' "பதினேழு! எனக்கு முன்னால பதினாறு பேரு யாரு, கேக்கேன்?"

அறைக்குள் போய்க் கோமதியிடம் சொன்னேன். அவளுக்கும் மூக்கு சிவந்தது. "இதுக்குத்தான் சார் சொல்லல. பிள்ளை உயிருக்கு நிக்கும்போதும் வரிசை பாக்காவ. நான் போயி யாரு கால்லயும் விழ மாட்டேன்."

மறுநாள் காலை அறுவை. தாமிராவின் எண் தொண்ணூற்றொன்றுக்கு ஏறியிருந்தது. தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா," என்று தாமிரா கூப்பிட்டாள். இவ்வளவையும் கட்டிலில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். "நீங்க இன்னும் யாரையுமே கூப்பிடலையே."

"கூப்பிட்டுத்தானே எல்லாரும் வந்திருக்காங்க?"

"மெசேஜ்தான அனுப்புனீங்க? பால் காய்ச்சுக்கு அப்பா ஆறு நாள் அலைஞ்சாங்க. கார்டு குடுக்கணும், தட்டு குடுக்கணும், 'கண்டிப்பா வந்துரணும்'னு மூணு தடவ சொல்லணும். அப்பதான் கணக்கு. எனக்கு ஒரு பேப்பர் குடுங்க."

எழுத ஆரம்பித்தாள். நடுநடுவே அப்பாவிடம் சந்தேகம் கேட்டாள். 'காலை 7 மணி' என்று எழுதியதும் பரமசிவன் பதறினார். "ஏழரை வரைக்கும் எமகண்டம்ட்டி. அக்கா வாசல மிதிக்க மாட்டா." நான் டாக்டர் மீரானிடம் ஓடினேன். அவர் என்னை ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டு, "எங்க வீட்டுலயும் நேரம் பாப்பாங்க. ஏழு முப்பத்தஞ்சு. அதுக்கு மேல தர மாட்டேன்," என்றார்.

மருந்துச்சீட்டு அச்சடிக்கும் இயந்திரத்தில் இருபத்தாறு பிரதி எடுத்தோம். அதில் இருந்தது இதுதான்:

'நிகழும் யுவ வருடம் ஆவணி மாதம் வியாழக்கிழமை காலை 7.35 மணிக்கு மேல், கோவில்பட்டி கடலைமிட்டாய் பரமசிவன் – கோமதி இவர்களின் ஏக புத்திரி செல்வி தாமிரபரணியின் வலது கால் எலும்பு மாற்றும் விழா, டாக்டர் மீரான் அவர்கள் தலைமையில் இரண்டாம் மாடியில் நடைபெற இருப்பதால், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து பயந்து சிறப்பிக்குமாறு அன்புடன் அழைக்கிறோம். குறிப்பு: அழுகிறவர்களுக்கு வராந்தாவின் கோடியில் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.'

வார்டைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டர் ரோஸ்லின் தாம்பூலத்துக்குத் தடை போட்டார். வெற்றிலை கூடாது, பூ கூடாது, குங்குமம் வாசலுக்கு வெளியே. தாமிரா பேரம் பேசினாள். கடைசியில் மருந்து வைக்கும் எவர்சில்வர் தட்டு கிடைத்தது. அதில் உறை பிரிக்காத கடலைமிட்டாய். பன்னீர் தெளிப்பதற்குப் பதிலாகக் கிருமிநாசினி புட்டி. அதை அடிக்கும் உரிமையைச் சிஸ்டர் ரோஸ்லினே எடுத்துக்கொண்டார், அவ்வளவு உற்சாகம் வந்துவிட்டது அவருக்கு.

ஒரு சிக்கல் மட்டும் மிஞ்சியது. முதலில் யாருக்கு அழைப்பு வைப்பது, அத்தைக்கா தாய்மாமனுக்கா? பரமசிவனுக்கு அறுவைச் சிகிச்சையைக் காட்டிலும் இந்தக் கேள்வியில்தான் அதிகம் வேர்த்தது. தாமிரா யோசித்தாள்.

"ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல. மாமாவுக்கு அப்பா வைக்கட்டும். அத்தைக்கு அம்மா வைக்கட்டும்."

"நானா?" என்றாள் கோமதி.

"நீ வேணா இரும்மா. நான் வீல்சேர்ல போயி தனியா வைக்கேன். 'அம்மாவுக்கு வேலை கெடக்கு'ன்னு சொல்லிருதேன்."

கோமதி மகளைப் பார்த்தாள். எழுந்து முகம் கழுவி, பொட்டை ஒழுங்கு செய்துகொண்டு தட்டை எடுத்தாள்.

மாலை ஐந்து மணிக்கு வராந்தாவின் ஒரு கோடியில் பரமசிவன் மைத்துனர் முன்னால் நின்றார். மறு கோடியில் கோமதி நாத்தனார் முன்னால் நின்றாள்.

"மைனி, நாளைக்குப் பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்தவளுக்கு அதற்கு மேல் வரவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி சொன்னாள். "மைனி, நீங்கதான் முன்ன நின்னு நடத்திக் குடுக்கணும். கண்டிப்பா வந்துரணும்."

வள்ளிநாயகி தட்டை உடனே வாங்கவில்லை. பிறகு எழுந்து நின்று, சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

"வராம பெறவு? எங்க வீட்டு விசேஷத்துக்கு நான் வராம யாரு வருவா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் மணிக்கட்டில் பச்சை எரிந்தது.

அடுத்த அரை மணி நேரம் எங்கள் புற்றுநோய் மருத்துவமனை கல்யாண மண்டபமாகிவிட்டது. தாமிரா சக்கர நாற்காலியில் ஒவ்வொருவராகப் போய் "கண்டிப்பா வந்துரணும்" என்று மூன்று முறை சொன்னாள். ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தவர்களும் "லீவு போட்டுட்டு வாரோம்ட்டி" என்றார்கள். சங்கரபாண்டி மாமா தன் பட்டையை உயர்த்திப் பிடித்து, "எனக்கு ரெண்டு பங்கு வேணும், தாய்மாமன் பங்கு தனி," என்று சண்டை பிடித்தார். பக்கத்து அறைக் குழந்தைகளின் பெற்றோர் எட்டிப் பார்த்து, அந்தக் கார்டு எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். என் பதினான்கு வருட வேலையில் அந்த வராந்தாவில் அப்படிச் சிரிப்புச் சத்தம் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்தது. ஒதுக்கப்பட்ட இடத்தில் போய் நின்று கொஞ்சம் அழுதுவிட்டு வந்தேன்.

வியாழன் காலை ஏழு மணிக்கு, பங்கீட்டைத் தொடங்குமுன் தாமிராவின் எண்ணைப் பார்த்தேன். இருபத்துமூன்று. பட்டை பழுதோ என்று மாற்றிக் கட்டினேன். இருபத்திரண்டு. விழாவை நடத்துகிறவளுக்குப் பயப்பட நேரம் ஏது?

"பயமா இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கொஞ்சம் இருக்கு. கொஞ்சம் நானே வச்சிக்கிடுதேன்." பிறகு அவள் முகம் மாறியது. "அப்ப இருபத்தாறு பேரும் சும்மாவா வந்தாவ? கார்டு அடிச்சுக் கூப்பிட்டுட்டு ஒண்ணும் குடுக்காம அனுப்புனா அப்பாவுக்கு அசிங்கம் மாமா."

"என்ன செய்ய?"

அவள் என் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "அம்மாவோடதக் குடுங்க. அவகிட்டத்தான் நெறைய இருக்கு. நான் தூங்கிட்டேன்னு நெனச்சு என் மூச்ச எண்ணிக்கிட்டே படுத்திருக்கா."

விதிப்படி நோயாளியின் பயத்தை மட்டும்தான் பங்கு வைக்கலாம். வந்தவர்கள் கையெழுத்துப் போட்டது குழந்தையின் பயத்துக்கு. ஒன்பது வயதுப் பிள்ளைக்காக யாரும் கை நீட்டுவார்கள். ரோஷக்காரியான ஒரு தாய்க்காக நீட்டுவார்களா? கேட்டுப் பார்த்திருக்க வேண்டும். கேட்டிருந்தால் கோமதியே முதல் ஆளாக மறுத்திருப்பாள். நான் கேட்கவில்லை. செய்தது தப்புதான், என் மேலதிகாரிகளிடமும் பின்னால் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். ஆனால் தொண்ணூற்றாறைச் சுமந்துகொண்டு ஏழு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்காரப் போகிறவளை அன்று என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அம்மா, எனக்குத் துணைக்கு நீயும் ஒண்ணு கட்டிக்கோ," என்றாள் தாமிரா. கோமதி மறு பேச்சில்லாமல் கையை நீட்டினாள். நான் அவளைப் புது நோயாளியாகப் பதிந்தேன். நோயின் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் இயந்திரம் விடாது. என்ன எழுதுவதென்று தெரியாமல் 'மகள்' என்று எழுதினேன்.

ஏழு முப்பத்தைந்துக்குத் தாமிரா எல்லாருக்கும் கை காட்டிவிட்டு உள்ளே போனாள். கதவு மூடியது. நான் பங்கீட்டைத் தொடங்கினேன்.

முதலில் சங்கரபாண்டி மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் வரிசையாக ஒவ்வொருவருக்கும் உள்ளங்கை வேர்த்தது. நாலு பேர் எழுந்து நடந்தார்கள். ஒரு சித்தப்பா கழிப்பறைக்கு ஆறு முறை போய்விட்டு வந்தார். "அம்மாடி, பிள்ளைக்கு இவ்வளவு பயமா இருந்திருக்கு" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். எனக்குத்தான் பெரிய பங்கு என்று அதிலும் ஒரு போட்டி.

கோமதி ஒன்பது மணிக்குப் பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். "உப்பு கம்மி" என்றாள். மூன்று மாதமாக அவள் வாயில் உப்பு, புளி எதுவும் தெரிந்ததில்லை என்று பரமசிவன் என்னிடம் சொன்னார். பத்து மணிக்குச் சங்கரபாண்டி வேர்த்து வழிவதைப் பார்த்துச் சிரித்தாள். பத்தரைக்குச் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கியே போனாள். லேசாகக் குறட்டைகூட வந்தது.

"பெத்தவளுக்கு இருக்குற அக்கறையைப் பாரேன்," என்றாள் ஒரு சின்னம்மா.

"வாய மூடு," என்றார் வள்ளிநாயகி. அவருடைய எண்ணைத் திரையில் பார்த்தேன். மற்றவர்களைக் காட்டிலும் இரண்டு மடங்கு ஏறிக்கொண்டிருந்தது. யார் அதிகம் சம்மதிக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் பட்டை அதிகம் தள்ளும். முகம் வெளிறியிருந்தது. எழுந்து போய்க் கோமதியின் தலைக்குக் கீழே தன் பையை மடித்து வைத்துவிட்டு, "ஒருத்தரும் எழுப்பக் கூடாது, சொல்லிட்டேன்," என்று வந்து உட்கார்ந்தார்.

இரண்டே முக்காலுக்கு டாக்டர் மீரான் வெளியே வந்தார். கட்டி முழுதாக வெளியே வந்துவிட்டது, ஓரங்கள் சுத்தம், புது எலும்பு கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்றார். அந்தச் சத்தத்தில்தான் கோமதி விழித்தாள். விழித்ததும் அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள், பக்கத்தில் நின்ற சிஸ்டர் ரோஸ்லினைக் கட்டிப்பிடித்தாள். மாலை தாமிராவுக்கு நினைவு திரும்பியபோது முதலில் கேட்டது, "எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

கோமதியுடையதை இன்னும் தொடாமல், வந்தவர்களின் பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கினேன். வள்ளிநாயகியிடம் கடைசியாகப் போனேன். அவர் கையைக் கொடுக்கவில்லை.

"பிள்ளை பயம்னுதான தம்பி சொன்னீய?"

"ஆமாம்மா."

"பிள்ளை பயம் வயித்தப் பெசையும். இது இங்க பிடிச்சிச்சு." இடது விலாவுக்குக் கீழே கை வைத்துக் காட்டினார். "என் மூத்தவன் மூளைக்காய்ச்சல்ல கெடந்தப்ப, பதினோரு நாளு இதே எடத்துல இதே பிடி பிடிச்சிச்சு. இது பெத்தவ பயம்லா? எனக்குத் தெரியாதா?"

புகார் கொடுக்கப் போகிறார் என்றே நினைத்தேன். "தப்புதாம்மா. மன்னிச்சிருங்க. தெரிஞ்சதும் நீங்க கழட்டிப் போட்டிருக்கலாம். ஏன் கழட்டல?"

"கழட்டுனா முழிச்சிருவாள்லா." சேலைத் தலைப்பை இழுத்துப் பட்டை தெரியாமல் கையை மூடிக்கொண்டார். "இன்னும் ரெண்டு வாரம் கெடக்கட்டும். தையல் பிரிக்குத வரைக்கும் அவளுக்கு ஊறிக்கிட்டேதான் இருக்கும். ஆனா தம்பி, அவகிட்ட மட்டும் சொல்லிராதிய."

"ஏம்மா? தெரிஞ்சா சந்தோஷப்படுவாங்களே."

"நீங்க ஒண்ணு," என்று அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவ ரோஷக்காரி. தெரிஞ்சா, திருப்பிக் குடுங்கன்னு வந்து நிப்பா."